புற்காடை புல்லுக்குள் ஒளிந்த கதை

பறவைக்கும் மிருகத்துக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த அந்தக் காலத்தில், அயர்லாந்துத் தீவின் வடக்குக் கடற்கரையில் லோனான் என்று ஒரு துறவி இருந்தார். பெரிய குடும்பத்துப் பிள்ளை. அப்பா ஒரு சிற்றரசர். அண்ணன்மார் வாளைப் பிடித்தார்கள், இவர் சிலுவையைப் பிடித்தார். ஆனாலும் வாள் பிடிக்கிற குடும்பத்தின் நிமிர்வு அவரைவிட்டுப் போகவில்லை. நடந்தால் நெஞ்சு முன்னால் போகும். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தானாகக் குரலைத் தணித்துக்கொள்வார். "லோனான் சொன்னால் சொன்னதுதான்" என்று அந்தக் கரை முழுக்கப் பேர். அந்தப் பேரின்மேல் அவருக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. ஒரு துறவிக்கு அது ஆகாது என்பதும் தெரிந்திருந்தது.

கடலைப் பார்த்த ஒரு சரிவில் அவர் மடம் கட்டினார். கவிழ்த்த பானை மாதிரி கல் குடிசைகள், நடுவில் மரத்தால் ஒரு சிறிய கோவில், அதற்குக் கீழே கல்சுவர் சூழ்ந்த ஒரு புல்வெளி. மடத்துத் தலைவரும் அவரே. அவரோடு சேர்ந்த துறவிகளில் மூத்தவர் கொம்கான். அதிகம் பேசாத மனிதர். புல் அறுப்பது, மாடு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

மடம் கட்டி முடித்த முதல் வசந்தத்தில் ஒரு புற்காடை வந்தது. நம் பக்கத்தில் அந்தப் பறவையைப் பார்த்தவர் அரிது. காடையைவிடக் கொஞ்சம் பெரியது, பழுப்பு நிறம், நீளமான கால். குளிர்காலம் முழுவதும் தெற்கே வெயில் நாட்டில் இருந்துவிட்டு, புல் எழும்புகிற பருவத்தில் கடல் தாண்டி வரும். அப்போதெல்லாம் அது ஒளிகிற பறவை இல்லை. சுவர்மேல் நடக்கும், வாசலில் நிற்கும், மனிதர் காலடியில் தானியம் பொறுக்கும். குரலும் அவ்வளவு இனிமை. புல்லாங்குழலை முதன்முதலாக வாயில் வைத்து ஊதினால் ஒரு சத்தம் வருமே, அதுபோல.

பறவை சுவர்மேல் நின்றுகொண்டு கேட்டது. "ஐயா, இந்தப் புல் உங்களுடையதா?"

"கடவுளுடையது. பார்த்துக்கொள்வது நான்."

"அப்படியானால் உங்களிடம்தான் கேட்க வேண்டும். என் மனைவிக்கு முட்டையிடும் காலம். போன வருஷம் வேறொரு வயலில் கூடு வைத்தோம். குஞ்சுகளுக்கு நடை வருவதற்குள் அரிவாள் வந்துவிட்டது. இங்கே இடம் கொடுப்பீர்களா?"

துறவிகள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோனானுக்கு அது பிடித்திருந்தது. அவர் கையை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உன் குஞ்சுகள் தங்கள் காலால் நடந்து இந்தச் சுவரைத் தாண்டுகிறவரை இந்த வயலில் அரிவாள் இறங்காது. இது லோனானின் வாக்கு."

கடவுள் பேரில் சொல்லியிருக்கலாம். தம் பேரில்தான் சொன்னார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஒவ்வொரு வருஷமும் மற்ற வயல்களில் எல்லாம் அறுப்பு முடிந்த பிறகுதான் மடத்துப் புல் அறுபடும். பறவையும் சும்மா இருக்கவில்லை. விடியும் முன்னே கோவில் வாசலில் வந்து நின்று பாடும். அந்தக் குரலுக்குத்தான் துறவிகள் எழுந்து ஜெபத்துக்குப் போவார்கள். மடத்தில் ஒரு மணி இருந்தது, அதை அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சில நாள் ஜெபம் முடிந்ததும் லோனான் வெளியே வந்து சுவரில் உட்கார்ந்துகொள்வார். பறவை பக்கத்தில் வந்து உட்காரும். தெற்கே தான் பார்த்த ஊர்களைப் பற்றி அது சொல்லும். மணல் மட்டுமே உள்ள ஊர், ஒட்டகம் என்று ஒரு மிருகம், பனி என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்கள். லோனான் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் நெஞ்சை நிமிர்த்தாமல் உட்கார்ந்த ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. ஒரு கோடையின் தொடக்கத்தில் அரசன் ஆர்த்கல் வருவதாகச் செய்தி வந்தது. ஆர்த்கல் வேறு யாருமில்லை, லோனானின் பெரியப்பா மகன். சிறு வயதில் இவர் தலையில் குட்டி விளையாடியவன். துறவியாகப் போகிறேன் என்றபோது, "வாள் தூக்கத் தெம்பில்லை, அதனால் போகிறான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன். இப்போது அவனே குதிரைப்படையோடு வந்து மடத்துக்குக் கீழ்க்கரை நிலம் முழுவதையும் தானமாகக் கொடுக்கப்போகிறான். பெரிய கோவில் கட்டலாம். இன்னும் நூறு துறவிகளைச் சேர்க்கலாம்.

லோனான் அன்று முழுவதும் உட்காரவில்லை. குடிசைகளைப் பெருக்கச் சொன்னார், மாவு அரைக்கச் சொன்னார், பாதைக் கற்களைச் சீராக்கச் சொன்னார். சாயங்காலம் கொம்கான் வந்தார்.

"சாமி, குதிரைகளுக்குத் தீனி இல்லை."

"போன வருஷப் புல்?"

"மழையில் அழுகிப்போயிற்று, உங்களுக்குத் தெரியுமே. அவிழ்த்துவிட்டு மேய்க்கவும் முடியாது. சுற்றிலும் சேற்று நிலம், அரசன் குதிரைக்குக் கால் புதைந்தால் வம்பு. கட்டிப்போட்டுத்தான் தீனி போட வேண்டும். மேட்டுக் குடியானவர்களிடம் புல் இருக்கிறது. போய்க் கேட்கட்டுமா?"

லோனான் யோசித்தார். அரசன் வருகிற நேரத்தில் மடத்தார் குடியானவன் வீட்டு வாசலில் நின்று புல் கேட்டார்கள் என்றால் அது ஆர்த்கல் காதுக்குப் போகும். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இப்போதே அவர் காதில் கேட்டது.

"வேண்டாம். நம் வயலிலேயே அறுக்கலாம்."

கொம்கான் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். லோனானே அவசரமாகச் சொன்னார்:

"முழுவதும் இல்லை. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் ஒரு திட்டு விட்டுவிடுங்கள். பறவைக்கு அது போதும்."

மறுநாள் காலையில் நீளப்பிடி அரிவாள்களைத் தீட்டும் சத்தம் கேட்டுப் புற்காடை சுவருக்கு வந்தது. அதன் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தன. புல்லுக்குள்ளே தட்டுத்தடுமாறி நடந்தன.

"ஐயா, அரிவாள் தீட்டுகிறார்களே."

"ஓரத்தில் மட்டும்தான்" என்றார் லோனான். "உன் மனைவி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடுவிலே போய் இருக்கட்டும். அங்கே ஒன்றும் வராது."

"குஞ்சுகள் இன்னும் சுவர் தாண்டவில்லை."

"தெரியும். நான் இருக்கிறேன் அல்லவா."

பறவை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "நீங்கள் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குள் போயிற்று. அது சந்தேகப்பட்டுச் சொன்னதா, நம்பிச் சொன்னதா என்று லோனான் பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தார். நம்பித்தான் சொன்னது. அதில்தான் அவருக்கு மனம் ஆறவே இல்லை.

அறுப்பு தொடங்கியது. கொம்கான் முன்னே, மற்றவர்கள் பின்னே, சுவரோரமாக வட்டம் போட்டு அறுத்து வந்தார்கள். வட்டம் சுருங்கச் சுருங்க, புல்லில் இருந்த உயிர்கள் எல்லாம் உள்ளே உள்ளே ஒதுங்கின. மதியம் சாயும் நேரத்தில் நடுவில் ஒரு திட்டு மட்டும் நின்றது. சுற்றிலும் ஒட்ட அறுத்த மொட்டைத் தரை. சின்னக் குஞ்சால் கடக்க முடியாத அகலம்.

அந்த நேரத்தில்தான் ஆர்த்கல் வந்தான். சொன்னதைவிட அதிகமாகவே குதிரைகள். அவன் குதிரையை விட்டு இறங்காமலே புல்வெளியைப் பார்த்தான்.

"என்ன தம்பி, நடுவில் ஒரு கொத்து விட்டிருக்கிறாய்? நாவிதன் பாதித் தலையில் எழுந்து போன மாதிரி இருக்கிறதே."

அவன் ஆட்கள் சிரித்தார்கள். லோனானும் சிரித்தார்.

"என் குதிரைக்கு இன்னும் தீனி வரவில்லை. அதை யாருக்கு வைத்திருக்கிறாய்?"

அப்போது திட்டுக்குள்ளிருந்து புற்காடையின் குரல் வந்தது. தெளிவாக, இனிமையாக வந்தது. "லோனான் ஐயா. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். லோனான் ஐயா."

ஆர்த்கலின் புருவம் உயர்ந்தது. "உன் பேரைச் சொல்லி அல்லவா கூப்பிடுகிறது? யார் அது? உன் சொந்தக்காரனா?"

மறுபடியும் சிரிப்பு. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டான்.

ஒரு பறவைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான். அவ்வளவு சின்ன வார்த்தை. லோனானின் நாக்கு வரைக்கும் அது வந்தது. அரசனின் முகத்தில் அடுத்த சிரிப்பு தயாராக இருப்பதைப் பார்த்தார். சிறு வயதில் கேட்ட அதே சிரிப்பு.

"எந்தப் பறவையோ" என்றார். "எனக்குத் தெரியாது. வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்."

பிறகு திரும்பி, "கொம்கான், அதையும் அறுத்துவிடுங்கள்" என்றார்.

கொம்கான் அரிவாளை ஊன்றிக்கொண்டு நின்றார். "அதையுமா, சாமி?"

"அதையும்தான்."

லோனான் அரசனின் குதிரையைக் கடிவாளம் பிடித்து, மடத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அரிவாள் புல்லில் இறங்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே பறவையின் குரல். முதலில் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு பேர் இல்லாமல், "நில்லுங்கள், நில்லுங்கள்" என்று கத்தியது. லோனான் நடந்துகொண்டே மடத்துக் கிணற்றின் ஆழத்தைப் பற்றி அரசனிடம் விளக்கினார். குரல் மேலே மேலே ஏறி, ஓர் இடத்தில் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. அதற்கப்புறம் சொல் எதுவும் இல்லை. உலர்ந்த எலும்பைச் சீப்பால் தேய்த்தது போல ஒரு சத்தம் மட்டும் இரண்டிரண்டாக வந்தது. க்ரெக், க்ரெக். க்ரெக், க்ரெக். பிறகு அதுவும் நின்றது.

அன்று விருந்து நன்றாக நடந்தது. ஆர்த்கல் கீழ்க்கரை நிலத்தை எல்லார் முன்னாலும் தானம் செய்தான். தம் ஆசைப்படி எல்லாம் நடந்த அந்த நாளில் லோனானால் ஒரு வாய் ரொட்டிகூட விழுங்க முடியவில்லை.

மறுநாள் துறவிகள் யாரும் நேரத்துக்கு எழவில்லை. எழுப்ப ஆளில்லை. வெயில் ஏறிய பிறகு லோனான்தான் துருப்பிடித்த மணியைத் தேடி எடுத்து அடித்தார். கோவிலில் அவர் வாசிக்க வேண்டிய வேதப் பகுதியை வேறொருவரிடம் கொடுத்தார். சிலுவைக்குப் பிடித்துப்போன தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுத சீடனைப் பற்றி அவர் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறார். அந்தச் சீடனுக்காவது உயிருக்குப் பயம் இருந்தது. சிரிப்புக்குப் பயந்தவன் என்று வேதத்தில் யாரும் இல்லை.

அன்று பால் கறக்கப் போனவர்களிடம் மடத்துப் பசுக்கள் எதுவும் பேசவில்லை. வழக்கமாக வானிலையைப் பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்லும். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

லோனான் துறவிகளைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். அவர்களில் பாதிப் பேருக்கு அது முன்பே தெரியும், கையில் அரிவாளோடு அவர்களும் அங்கே இருந்தவர்கள்தானே. யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவர், "பறவைதானே சாமி" என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் அவரை அதிகம் சுட்டது. "நான் இந்த மண்ணில் இருக்க லாயக்கில்லாதவன்" என்று சொல்லி, இனிப் பிறந்த நாட்டில் காலடி வைப்பதில்லை என்று தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொண்டார். தானமாக வந்த நிலத்தில் கால்கூட வைக்கவில்லை. தோலால் மூடிய ஒரு படகில் கடலில் இறங்கினார். துணைக்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். கொம்கானும் வந்து ஏறிக்கொண்டார்.

"நீங்கள் எதற்கு?" என்றார் லோனான்.

"சொன்னது நீங்கள், அறுத்தது நான்" என்றார் கொம்கான். துடுப்பை எடுத்துக்கொண்டார்.

காற்று அவர்களைக் கிழக்கே, சிலுவையைக் கேள்விப்படாத மக்கள் வாழ்ந்த ஒரு மலைக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே லோனான் மறுபடியும் குடிசை கட்டினார், அந்த மக்களின் பேச்சைக் கற்றார், நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தார், சண்டைக்காரர்களைச் சமாதானம் செய்தார். முன்பு இருந்த நிமிர்வு போய்விட்டிருந்தது. அதனாலேயோ என்னவோ, ஜனங்கள் அவரிடம் வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றார்கள். சில வருஷங்களில் அந்த மடம் முதல் மடத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

பேரும் பெரிதாகிவிட்டது. "கடவுளுக்காகச் சொந்த நாட்டையே விட்டு வந்த மகான்" என்று அந்தக் கரை முழுக்கச் சொன்னார்கள். கேட்கிறபோதெல்லாம் அவர் முகம் சிவந்துவிடும். "கடவுளுக்காக வரவில்லை, வெட்கம் தாங்காமல் ஓடிவந்தவன்" என்று சொல்லிப் பார்த்தார். "என்ன பணிவு பாருங்கள்" என்று அதற்கும் புகழ்ந்தார்கள். விவரமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அங்கே வந்து சில வசந்தங்கள் ஆனபிறகு ஒருநாள், மடத்துக்குக் கீழே இருந்த புல்வெளியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. க்ரெக், க்ரெக். லோனான் கையில் இருந்த தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு ஓடினார். புல் இடுப்பளவு நின்றது. சத்தம் வந்த இடத்துக்குப் போனால் அது வேறு இடத்திலிருந்து வந்தது. அங்கே போனால் இன்னும் தள்ளி. அதே பறவைதானா, அதன் இனத்தில் வேறொன்றா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு சிறகு, ஒரு கால், எதுவும் கண்ணில் படவில்லை. புல்லுக்குள் நின்று, "நான்தான், லோனான்" என்றார். பேரைச் சொன்னதும் சத்தம் நின்றுவிட்டது.

அந்த வயல் மடத்துடையது இல்லை. நெக்தா என்று ஒரு விதவையுடையது. கணவன் கடலில் போன பிறகு தனி ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டவள். அறுப்புக்கு மடத்தார் உதவி செய்வது வழக்கம். அந்த வருஷம் அறுப்பு நாளில், ஆட்கள் வரப்பில் வந்து நின்றதும், லோனான் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நேரே புல்லின் நடுவுக்கு நடந்து போனார். அங்கே நின்று வெளிப்பக்கமாக அறுக்கத் தொடங்கினார். நெக்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமியாரே, என்ன செய்கிறீர்கள்? நின்ற புல்லை மிதித்துக்கொண்டு போகிறீர்களே. ஓரத்திலிருந்து வந்தால் ஒரு தாளும் வீணாகாது."

"ஓரத்திலிருந்து வந்தால் உள்ளே இருக்கிறவை வெளியே போக வழி இருக்காது, அம்மா. நடுவிலிருந்து போனால் ஓரம்வரை புல்லிலேயே மறைந்து தப்பிப் போய்விடும்."

"எவை?"

அப்போதுதான் முதன்முறையாக அவர் முழுக் கதையையும் வெளியாள் ஒருவரிடம் சொன்னார். அரிவாள்கள் ஓய்ந்து நின்றன. நெக்தா சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை குஞ்சுகள்?"

லோனான் அரிவாளைத் தரையில் வைத்தார். இத்தனை வருஷம் அழுதிருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார், குளிர்ந்த கடலில் கழுத்தளவு நின்று ஜெபித்திருக்கிறார். அறுப்பு முடிந்த அந்தத் தரைக்குப் போய் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாது" என்றார். இந்தத் தடவை அந்த வார்த்தை உண்மையாக இருந்தது. அதனால் இன்னும் கேவலமாக இருந்தது.

அன்று வேலை முடிந்து திரும்பும் வழியில் கொம்கானிடம் கேட்டார்.

"நீங்கள் எடுத்து அடக்கம் செய்தீர்களா?"

"செய்தேன். சுவருக்குக் கீழே. தாயையும் சேர்த்து. ஆண் பறவை அங்கே இல்லை."

"என்னிடம் சொல்லவே இல்லையே."

"நீங்கள் கேட்கவில்லை, சாமி."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"எத்தனை?" என்றார் லோனான்.

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றார் கொம்கான். "சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரதம் என்று கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். கணக்கு முடிந்ததும் மனசு லேசாகிவிடும். எனக்கு லேசாகவில்லை. உங்களுக்கும் வேண்டாம்."

லோனான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. குளிர்ந்த கடலில் நிற்பதை அன்றோடு விட்டார். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். ஒவ்வொரு வருஷமும் அறுப்புக்கு முன்னால், அரிவாள் பிடித்த ஆட்கள் எல்லாரையும் வரப்பில் நிறுத்தி, வாக்குக் கொடுத்ததையும் தெரியாது என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்வார். சொல்லிவிட்டு, "நடுவிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக அறுங்கள்" என்பார். சிலர் பொறுமையாகக் கேட்பார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பின்வரிசையில் யாராவது, "லோனான் ஐயா" என்று பறவைக் குரலில் கூப்பிட்டுப் பார்ப்பான். அவர் நிறுத்தாமல் சொல்லி முடிப்பார்.

ஒரு வருஷம் அந்த மலைக்கரையின் தலைவன் துருஸ்த், தொலைவிலிருந்து வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டான். தன் நாட்டில் இருக்கும் மகானை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. மடத்தில் பெரிய கோவில் கட்டக் கருவாலி மரங்கள் தருவதாகவும் சொல்லியிருந்தான். மரங்கள் வெட்டித் தயாராகக் கிடந்தன.

"இவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் சாமி" என்றான். "அறுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

கொம்கான் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். லோனான் விருந்தாளிகளைப் பார்த்தார். வேறு எதையாவது சொல்லலாம். கடவுளின் இரக்கத்தைப் பற்றிச் சொல்லலாம், அதுவும் உண்மைதான். விருந்தாளிகள் பட்டு உடுத்தியிருந்தார்கள். அவர் வரப்பில் நின்று, ஒவ்வொரு வருஷமும் சொல்வதையே சொன்னார்.

விருந்தாளிகள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "காடைக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிய மகானா?" என்று கேட்டான் ஒருவன். துருஸ்த் முகம் கறுத்துப்போனான். விருந்தாளிகள் முன்னால் அவனுக்குத் தலைகுனிவு. குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். கருவாலி மரங்கள் வரவே இல்லை. அந்தக் கோவில் கடைசிவரை புல் வேய்ந்த கூரையோடுதான் இருந்தது.

அவர்கள் போனபிறகு கொம்கான் கேட்டார், "சிரித்தார்களே சாமி, ரொம்ப வலித்ததா?"

லோனான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வலித்தது. அவர்கள் அந்த மேட்டைத் தாண்டுவதற்குள் போய்விட்டது." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "இவ்வளவுதானா, கொம்கான்? இவ்வளவுதான் என்றால், இதற்கா அன்றைக்கு அந்த உயிர்களைப் பலி கொடுத்தேன்?"

கொம்கான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு இருவரும் எழுந்துபோய் நடுவிலிருந்து அறுத்தார்கள்.

வருஷங்கள் ஓடின. கொம்கான் காலமானார். அவரோடு அந்த எண்ணிக்கையும் போயிற்று. லோனானுக்கு முடி முழுக்க வெளுத்து, கால் தளர்ந்தது. கடைசி வசந்தத்தில் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நெக்தாவும் கிழவியாகியிருந்தாள். அவளுடைய மாட்டு வண்டியில்தான் அவரை வயலோரம் கொண்டுவந்து இறக்கி, கம்பளி போர்த்தி உட்கார வைத்தார்கள். நெக்தா பக்கத்தில் இருந்தாள்.

சத்தம் தூரத்தில் தொடங்கியது. க்ரெக், க்ரெக். வழக்கம்போல இடம் மாறி மாறி வந்தது. ஆனால் அன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. கடைசியில் அவர் காலடிக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற புல்லுக்குள்ளிருந்து கேட்டது. புல்தாள்கள் அசைந்தன.

நெக்தா மூச்சை அடக்கிக்கொண்டு தன் கைத்தடியால் புல்லை விலக்கப் போனாள். லோனான் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், அம்மா."

"ஒரு தடவை பார்த்துவிடலாமே, சாமியாரே. ஆயுசு பூராவும் தேடினீர்களே."

"நான் பார்க்கத் தேடினேன். அதற்கு என்னைப் பார்க்க விருப்பமா என்று கேட்கவில்லை." அவர் குரல் தணிந்திருந்தது. "ஒருநாள் மனிதர் முன்னால் என்னை நம்பிக் கூப்பிட்டது. போதும். மறைந்திருக்கட்டும். அது அதன் உரிமை."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொன்னால் பதில் சொல்ல அதனிடம் வார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். வார்த்தையைப் பறித்தவரே அவர்தானே. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, சத்தம் இருந்தவரை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பிப் புல்லுக்குள் தூரமாகப் போய்விட்டது.

புல் முற்றுவதற்கு முன்பே லோனான் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்த பிறகு அறுப்புக்கு வந்த ஆட்கள் வரப்பில் நின்றார்கள். கதை சொல்ல அவர் இல்லை. நெக்தா முன்னால் வந்து, தனக்குத் தெரிந்தவரை சொன்னாள். சொல்லி முடித்ததும் எல்லாரும் நின்ற புல்லுக்கு ஊடே ஒருவர் பின் ஒருவராக வயலின் நடுவுக்கு நடந்தார்கள்.

புற்காடை மனிதர் கண்ணில் படாமல் புல்லுக்குள்ளேயே வாழ்வதும், குழல் மாதிரி இருந்த அதன் குரல் கிழிந்த இரண்டு சத்தமாகிப்போனதும் ஆர்த்கலின் குதிரைகளுக்குத் தீனி அறுத்த அந்த நாளிலிருந்துதான். அந்தக் கடற்கரைகளில் இன்றைக்கும் புல் அறுக்கிறவர்கள் வயலின் நடுவில் போய் நின்று வெளிப்பக்கமாகத்தான் அறுப்பார்கள் என்று சொல்கிறார்கள். புல்லுக்குள்ளிருந்து க்ரெக், க்ரெக் என்று கேட்டால் அரிவாளைத் தாழ்த்துவார்களாம். சத்தம் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். அது கடந்து போகிறவரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.